கணவர் மறியலில், நித்திரையில் மூச்சு நிற்கிறது: மெஷினை உள்ளே அனுப்பலாமா?

வன்னியிலிருந்து ஒரு சகோதரி நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். ஊர், சிறைச்சாலை, வழக்கு விபரம் எல்லாவற்றையும் நீக்கிவிட்டு, பதிலுக்குத் தேவையானதை மட்டும் சுருக்கித் தருகிறேன்.

கணவருக்கு 52 வயது. டிப்பர் ஓடுகிறவர். பணக் கொடுக்கல் வாங்கல் வழக்கொன்றில் ஏழு மாதமாக விளக்கமறியலில் இருக்கிறார். நீதவான் பிணை கொடுத்துவிட்டார். ஆனால் கட்டச் சொன்ன காசும் கேட்ட பிணையாளர்களும் ஒழுங்காகவில்லை. பல வருடமாகவே அவருக்குப் பெரிய குறட்டை. நடுவில் குறட்டை சட்டென்று நின்றுபோகும், மூச்சும் இருக்காது, பிறகு தொண்டை அடைத்தவர் போல ஒரு சத்தத்தோடு திடுக்கிட்டு எழும்புவார். காலையில் தலையிடி. பகலில் தூங்கி விழுவார். ஒருமுறை மாங்குளத்துக்குக் கிட்ட கண் அயர்ந்து டிப்பர் வீதியை விட்டு இறங்கியும் இருக்கிறது. பிரஷருக்கு இரண்டு வகைக் குளிசை குடித்தும் கட்டுப்படவில்லை. கைதாவதற்குக் கொஞ்ச நாள் முன்புதான் கிளினிக்கில் ஒரு வைத்தியர் நித்திரைப் பரிசோதனை செய்ய வேண்டும் என்று எழுதிக் கொடுத்திருக்கிறார். மண் ஏற்றும் வேலை மும்முரம், போகவில்லை.

உள்ளே ஒரு மண்டபத்தில் நெருக்கியடித்துக்கொண்டு படுக்கிறார்கள். இவருடைய குறட்டையால் மற்றவர்களுக்கு நித்திரை இல்லை, சண்டை வந்திருக்கிறது. இப்போது மலசலகூடப் பக்கம் ஒதுக்கிவிட்டிருக்கிறார்கள். தலையிடி என்று சொன்னபோது பனடோல் கிடைத்தது. குறட்டை என்று சொன்னபோது சிரிப்புத்தான் கிடைத்தது. கனடாவில் இருக்கும் தமையன் தான் பாவித்த பழைய சீபாப் மெஷினை (நித்திரையில் காற்றை அழுத்தி அனுப்பி மூச்சுப் பாதையைத் திறந்து வைத்திருக்கும் மெஷின்) அனுப்பத் தயாராக இருக்கிறார். "இங்க மறியலில இருக்கிறவைக்கும் மெஷின் குடுக்கிறாங்கள், நீங்கள் வழக்குப் போடுங்கோ" என்பது அவர் ஆலோசனை. ஊரில் ஒருவர், கொஞ்சம் காசு கொடுத்தால் மெஷினை உள்ளே சேர்ப்பிக்க ஆள் இருக்கிறது என்கிறார்.

கடிதத்தில் ஒரு வரி மட்டும் அவருடைய சொல்லிலேயே: "இரவில அவற்ற நெஞ்சில ஒரு கையை வைச்சுக்கொண்டுதான் படுப்பன் டொக்டர், மூச்சு நிண்டா தட்டுவன். இப்ப ஆர் தட்டுறது?"

அன்புள்ள சகோதரி,

அந்தக் கேள்வியிலேயே தொடங்குகிறேன். தட்டி எழுப்ப ஆள் இல்லாவிட்டால் ஒருநாள் மூச்சு நின்றபடியே போய்விடுவார் என்று பயப்படுகிறீர்கள். இது ஸ்லீப் அப்னியா என்ற வருத்தம் போல இருக்கிறது, அதில் பொதுவாக அப்படி நடப்பதில்லை. நித்திரையில் தொண்டைத் தசைகள் தளர்ந்து மூச்சுப் பாதை மூடிக்கொள்கிறது. இரத்தத்தில் ஒக்சிஜன் இறங்கத் தொடங்கியதும் மூளையே அவரை உலுக்கி எழுப்பிவிடும். நீங்கள் தட்டிய இரவுகளில் மூளையைவிடச் சில விநாடி முந்தியிருக்கிறீர்கள். நீங்கள் அலுத்து உறங்கிப்போன இரவுகளிலும் அவர் எழும்பித்தான் இருக்கிறார்.

அதற்காக, சரி, பயமில்லை என்று விட்டுவிடவும் முடியாது. கடுமையாக இருப்பவருக்கு இப்படி ஒரே இரவில் நூற்றுக்கணக்கான தடவை நடக்கலாம். ஒவ்வொரு தடவையும் பிரஷர் ஏறுகிறது, இதயம் திடுக்கிட்டு ஓடுகிறது. இது வருடக்கணக்கில் தொடரும்போது பிரஷர் குளிசைக்கு அடங்காமல் போகும், இதயத் துடிப்பு ஒழுங்கு தவறும், மாரடைப்பும் பாரிசவாதமும் வரும் வாய்ப்புக் கூடும். இரண்டு குளிசை குடித்தும் அவருடைய பிரஷர் இறங்காததற்கு இதுவே காரணமாக இருக்கலாம். ஆகவே இது இன்றிரவே கதவை உடைக்க வேண்டிய அவசரம் அல்ல. வழக்கு முடிந்து வந்து பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடக்கூடிய விஷயமும் அல்ல. சில கிழமைகளுக்குள் முறையாக ஒழுங்கு செய்ய வேண்டியது.

கிளினிக் கொப்பியின் கடைசிப் பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பியிருக்கிறீர்கள். பிரஷர் அளவுகளுக்குக் கீழே ஒரு கேள்விக்குறியும் மூன்று ஆங்கில எழுத்தும் இருக்கிறதே, அது என்ன என்று கேட்டிருக்கிறீர்கள். தொண்டை அடைப்பால் வரும் ஸ்லீப் அப்னியாவை நாங்கள் சுருக்கி எழுதுவது ஓ.எஸ்.ஏ. என்று. முன்னால் கேள்விக்குறி போட்டால், சந்தேகிக்கிறோம், இன்னும் உறுதியாகவில்லை என்று அர்த்தம். உங்கள் கணவருக்கு இதுவரை வருத்தம் உறுதி செய்யப்படவில்லை. நீங்கள், கனடாத் தமையன், காசு கேட்கும் அந்த ஆள் எல்லோரும் மெஷினைப் பற்றியே பேசுகிறீர்கள். மெஷின் இதில் மூன்றாவது படி. பரிசோதித்து உறுதிப்படுத்துவதும், அரச வைத்தியர் சிகிச்சையை எழுதுவதும் முதல் இரண்டு படி, இரண்டும் தாளில் நடக்க வேண்டியவை. சிறை வாசலில் ஒரு பையோடு வரும் மெஷின் வெறும் சாமான்; யாரும் திருப்பி அனுப்பலாம். அரச வைத்தியர் எழுதிய சிகிச்சையாக வரும் அதே மெஷினைத் திருப்பி அனுப்ப ஒரு அதிகாரி காரணம் எழுத வேண்டியிருக்கும்.

பகலில் பார்க்கும் வைத்தியருக்குத் தெரியாத வருத்தம்

உள்ளே வைத்தியர் கவனிக்கவில்லை என்று கோபப்படுகிறீர்கள். கோபத்தில் நியாயம் உண்டு. ஆனால் இந்த வருத்தத்தின் சுபாவத்தையும் பாருங்கள். பகலில் அவரைக் கூப்பிட்டுப் பார்த்தால் மூச்சு நன்றாக இருக்கும், விரலில் மாட்டும் கருவி ஒக்சிஜன் சரி என்று காட்டும், நெஞ்சில் சத்தம் இருக்காது. மாலையில் கதவு பூட்டியதிலிருந்து காலையில் திறக்கும்வரைதான் இது நடக்கிறது, அந்த நேரம் வைத்தியர் பக்கத்தில் இல்லை. நோயாளிக்கும் தெரியாது, நித்திரையில் அல்லவா இருக்கிறார். கேட்டால் "எனக்கு ஒண்டுமில்லை, தலைதான் இடிக்குது" என்பார், பனடோல் கொடுத்து அனுப்புவார்கள்.

இந்த வருத்தத்துக்கு எப்போதும் பக்கத்தில் படுத்திருப்பவர்தான் சாட்சி. இவ்வளவு காலமும் நீங்கள். இப்போது அவரோடு சண்டை பிடிக்கும் அந்த மண்டபத்து ஆட்கள். அடுத்த முறை பார்க்கப் போகும்போது கணவரிடம் சொல்லுங்கள்: நல்லாகக் கதைக்கக்கூடிய இருவரிடம், குறட்டை நின்றதும் மெதுவாக எண்ணிப் பார்க்கச் சொல்லட்டும். பத்து எண்ணும்வரை மூச்சு இல்லையா, எண்ணி முடிந்து எவ்வளவு நேரத்தில் திணறி எழும்புகிறார், ஒரு இரவில் கிட்டத்தட்ட எத்தனை தடவை. பத்து விநாடி என்பது நானாகச் சொல்லும் கணக்கல்ல, பரிசோதனைக் கூடத்திலும் அதுதான் அளவுகோல். சிறை வைத்தியரிடம் போகும்போது "குறட்டை" என்று தொடங்க வேண்டாம். "நித்திரையில் மூச்சு நிற்கிறது, பக்கத்தில் படுப்பவர்கள் பார்த்திருக்கிறார்கள், பிரஷர் இரண்டு மருந்துக்கும் அடங்கவில்லை" என்று தொடங்கட்டும். இப்படிச் சொன்னால் எந்த வைத்தியரும் பேனையை எடுப்பார்.

வீட்டில் அவர் படுத்திருக்கும்போது பிள்ளைகள் பகிடிக்கு எடுத்த குறட்டை வீடியோ ஏதாவது பழைய போனில் இருக்கிறதா என்று தேடுங்கள். அநேகமான வீடுகளில் இருக்கும். மூச்சு நிற்பது அதில் தெரிந்தால் அதைவிட நல்ல சாட்சி கிடைக்காது.

நாங்கள் பாவிக்கும் எட்டுக் கேள்வி கொண்ட பட்டியல் ஒன்று உண்டு: பலத்த குறட்டை, பகல் களைப்பு, மூச்சு நிற்பதை மற்றவர் கண்டது, பிரஷர், உடல் பருமன், ஐம்பது வயதுக்கு மேல், கழுத்துச் சுற்றளவு 40 சென்ரிமீற்றருக்கு மேல், ஆண். உங்கள் கடிதத்தை வைத்தே ஆறுக்கு "ஆம்" போடுகிறேன். ஐந்து வந்தாலே வாய்ப்பு அதிகம் என்று எடுப்போம். கழுத்தை அளக்க மறியலுக்குப் போகத் தேவையில்லை, அவருடைய சேட்டின் கொலரைப் பாருங்கள். 16 (அங்குலம்) என்று இருந்து அதுவும் இறுக்கமாக இருந்தால் ஏழாவது "ஆம்".

பட்டியல் சந்தேகத்தைக் கூட்டும், உறுதிப்படுத்தாது. உறுதிப்படுத்த ஓர் இரவுப் பரிசோதனை வேண்டும். முழுமையானதில் மூளை அலை, மூச்சு, ஒக்சிஜன், இதயத் துடிப்பு எல்லாம் பதிவாகும். பெரிய வைத்தியசாலையில் ஓர் இரவு தங்க வேண்டும், காவலுக்கு ஆட்கள் வேண்டும். இங்கேதான் பலருடைய சிகிச்சை சிக்குப்படுகிறது. மனித உரிமைகள் ஆணைக்குழு 2020இல் வெளியிட்ட சிறைச்சாலை ஆய்விலும், நெரிசலோடு சேர்த்து, கூட்டிப்போக உத்தியோகத்தர் இல்லாமல் வைத்தியசாலைப் பயணங்கள் தடைப்படுவது பதிவாகியிருக்கிறது. ஆகவே உங்கள் கோரிக்கையை முதலிலேயே சுலபமாக்கிக் கொடுங்கள். கையில் கொண்டுபோகக்கூடிய சிறிய கருவிகள் உண்டு. விரலில் ஒரு கிளிப், மூக்கில் ஒரு மெல்லிய குழாய், நெஞ்சில் ஒரு பட்டி. சிறையின் நோயாளர் அறையிலோ கிட்டிய வைத்தியசாலை விடுதியிலோ ஓர் இரவு போட்டால் பல நேரம் போதும். அதுவும் கிடைக்காவிட்டால் இரவு முழுவதும் ஒக்சிஜன் அளவைப் பதிவு செய்யும் விரல் கருவியாவது கேட்கலாம். அதன் வரைபடத்தில் ஒக்சிஜன் இறங்கி ஏறி இறங்கி ஏறி மரமரியும் வாளின் பல்லுப் போல வந்தால் பிறகு யாரும் சிரிக்கமாட்டார்கள்.

ரிப்போர்ட்டில் ஒரு எண் வரும், ஒரு மணித்தியாலத்தில் எத்தனை தடவை மூச்சு நின்றது அல்லது குறைந்தது என்று. 5 முதல் 15 வரை லேசானது, 15 முதல் 30 வரை நடுத்தரம், 30க்கு மேல் கடுமையானது. லேசானது என்று வந்தால் பல நேரம் மெஷின் இல்லாமலே சமாளிக்கலாம். உங்கள் கணவருக்கு அப்படி வரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை, ஆனாலும் பார்க்காமல் சொல்லக்கூடாது.

கனடா மெஷின்

முதலில் ஒரு தப்பெண்ணம். சீபாப் ஒக்சிஜன் மெஷின் அல்ல. அறையில் உள்ள அதே காற்றைக் கொஞ்சம் அழுத்தத்தோடு மூக்குக்குள் அனுப்பி, தொண்டை மூடாமல் பிடித்து வைத்திருக்கிறது. 1981இல் சிட்னியில் கொலின் சல்லிவன் என்ற வைத்தியரும் கூட்டாளிகளும் கண்டுபிடித்த வழி, இன்றும் அதுதான் முதல் சிகிச்சை. "அங்கே ஒக்சிஜன் சிலிண்டர் இருக்குமே, அதைக் குடுக்கச் சொல்லலாமா" என்று கேட்டிருக்கிறீர்கள். பாதை மூடியிருக்கும்போது ஒக்சிஜன் மட்டும் கொடுத்து அந்தத் தடையை நீக்க முடியாது. அதைக் கேட்டு நேரத்தை வீணாக்க வேண்டாம்.

தமையனின் மெஷின் தமையனின் தொண்டைக்கு அளவு வைத்தது. அழுத்தம் குறைந்தால் பலனில்லை, கூடினால் காற்று வயிற்றுக்குள் போய், முகமூடியைக் கழற்றி எறிந்துவிடுவார். தானாக அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் வகையா என்று கேளுங்கள். அப்படியானால் இங்கே வைத்தியர் அவருக்கு ஏற்றபடி மாற்றிக் கொடுக்கலாம். இன்னொன்று முக்கியம். 2021 ஜூனில் பிலிப்ஸ் நிறுவனம் தன் சீபாப் மெஷின்கள் பலவற்றைத் திருப்பி அழைத்தது. உள்ளே சத்தத்தைக் குறைக்க வைத்த ஸ்பொஞ்ச் உக்கித் தூளாகி மூச்சோடு போகலாம் என்பது காரணம். தமையனுடையது அந்தக் கம்பெனி என்றால், அடியில் இருக்கும் தொடர் இலக்கத்தை வைத்து அவர் அங்கேயே பார்க்கட்டும். பார்த்து முடியும்வரை அனுப்ப வேண்டாம். கனடாவில் 120 வோல்ட், இங்கே 230. பெரும்பாலான மெஷின்களின் அடப்டர் இரண்டையும் தாங்கும். அதில் 100 முதல் 240 வரை என்று எழுதியிருக்கிறதா என்று படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். முகமூடியும் குழாயும் ஃபில்டரும் புதிதாக வேண்டும். நம்முடைய செம்மண் தூசிக்கும் நுளம்புத்திரிப் புகைக்கும் ஃபில்டர் கெதியில் அடைக்கும், நாலைந்து உபரியாக இருக்கட்டும்.

சிறை நிர்வாகம் கேட்கப்போகும் கேள்விகள் இரண்டு, இரண்டும் நியாயமானவை. மண்டபத்துக்குள் பிளக் எங்கே? வயரும் குழாயும் உள்ளே இருந்தால் ஒருவர் கழுத்தில் போட்டுக்கொண்டால் யார் பொறுப்பு? பரிசோதனை முடிவு வந்தபின் மெஷினுக்காக எழுதும் கடிதத்தில் இதற்குப் பதிலை நீங்களே வைத்துவிடுங்கள். ஈரப்பதமூட்டும் பகுதியை நிறுத்திவிட்டால் மெஷினுக்குத் தேவைப்படும் மின்சாரம் ஒரு சாதாரண பல்ப் அளவுதான், பற்றரியிலும் ஓடும். இரவில் நோயாளர் அறையில் படுக்க விடலாம். அல்லது பூட்டும் நேரத்தில் உத்தியோகத்தர் கொடுத்து, காலையில் திரும்ப வாங்கி வைக்கலாம். வேண்டிய அளவு சோதித்துப் பார்க்கட்டும் என்றும் எழுதுங்கள்.

காசு கேட்கும் ஆளை இன்றோடு மறந்துவிடுங்கள். இலஞ்சம் ஒரு குற்றம், அனுமதியில்லாத பொருளைச் சிறைக்குள் கடத்துவது இன்னொரு குற்றம். பிடிபட்டால் மெஷினும் போகும், பிணையைத் தளர்த்தும்படி கேட்பதும் கெடும். பிடிபடாவிட்டாலும் அங்கே ஒளித்து வைத்து ஓட்டக்கூடிய சாமானா இது?

உரிமை என்ன, எங்கே கேட்பது

சட்டப் பகுதியை ஒரு சட்டத்தரணி நண்பரிடம் கேட்டு எழுதுகிறேன். உங்கள் வழக்கின் விபரத்தை உங்கள் சட்டத்தரணிதான் அறிவார்.

தமையன் சொல்வது முழுப் பிழையில்லை. மேற்கு நாடுகள் பலவற்றில் கைதிகள் இந்த மெஷினோடு படுக்கிறார்கள். அமெரிக்காவில் 1976இல் எஸ்டெல் எதிர் கம்பிள் வழக்கில், கைதியின் பாரதூரமான வருத்தத்தை வேண்டுமென்றே கவனியாமல் விடுவது அரசியலமைப்பு தடுத்த கொடூரத் தண்டனை என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. அதைப் பிடித்துக்கொண்டுதான் அங்கே சீபாப் கேட்டும் வழக்குப் போடுகிறார்கள், பலர் தோற்றும் இருக்கிறார்கள். அந்தத் தீர்ப்பு இங்கே யாரையும் கட்டுப்படுத்தாது.

இங்கே என்ன இருக்கிறது? கொடூரமான, மனிதத்தன்மையற்ற நடத்தையிலிருந்து பாதுகாப்பு அரசியலமைப்பின் 11ஆம் உறுப்புரையில் உண்டு, கைதிக்கும் உண்டு. உயிர் வாழும் உரிமை என்று தனி உறுப்புரை இல்லை. ஆனால் விளக்கமறியலில் இறந்த கணவனுக்காக ஸ்ரீயானி சில்வா என்ற பெண் போராடிய வழக்கில் நீதிமன்றக் கட்டளையின்றி யாரையும் மரணத்தாலோ சிறையாலோ தண்டிக்கக்கூடாது என்னும் 13(4)ஆம் உறுப்புரைக்குள் அந்த உரிமை அடங்கியிருக்கிறது என்று உச்ச நீதிமன்றம் 2003இல் ஏற்றுக்கொண்டது. கைதிகளை நடத்தும் முறை பற்றி ஐ.நா. பொதுச்சபை 2015இல் ஏற்ற மண்டேலா விதிகளில் 24ஆவது, வெளியே உள்ளவருக்குக் கிடைக்கும் அதே தரத்தில் உள்ளே உள்ளவருக்கும் இலவசமாகச் சிகிச்சை வேண்டும் என்கிறது. 27ஆவது, வைத்தியர் எடுத்த முடிவை வைத்தியரல்லாத சிறை உத்தியோகத்தர் மாற்றவோ தட்டிக்கழிக்கவோ கூடாது என்கிறது. 118ஆவது உங்களுக்காகவே எழுதியது போல இருக்கிறது: நியாயமான காரணம் இருந்து, செலவையும் ஏற்க முடிந்தால், விசாரணை முடியாத கைதியைச் சொந்த வைத்தியர் வந்து பார்க்க விட வேண்டும். இந்த விதிகளை மட்டும் வைத்து ஒருவரைக் கூண்டில் ஏற்ற முடியாது. கடிதத்தில் குறிப்பிட்டால் வாசிப்பவர் கொஞ்சம் நிமிர்ந்து உட்காருவார்.

வழக்குப் போடுவதற்கு முன் சுலபமான கதவுகள் இருக்கின்றன. முதலாவது சிறைச்சாலை அத்தியட்சகர். பிரதியை சிறை வைத்திய அதிகாரிக்கும் வையுங்கள். தமிழில் எழுத உங்களுக்கு முழு உரிமை உண்டு, ஆனாலும் ஆங்கிலப் பிரதி ஒன்று சேர்த்தால் வேலை கெதியாக நடக்கும். பதிவுத் தபாலில் அனுப்பி, துண்டைப் பத்திரப்படுத்துங்கள். குற்றஞ்சாட்டும் தொனி வேண்டாம். இந்த அளவு போதும்:

"எனது கணவர் நித்திரையில் மூச்சு நிற்கும் வருத்தம் இருப்பதாகச் சந்தேகிக்கப்பட்டு, கைதுக்கு முன்னரே பரிசோதனைக்கு அனுப்பப்பட்டவர். கிளினிக் கொப்பியின் பிரதி இத்துடன் உள்ளது. அவரைப் பரிசோதித்து நித்திரைப் பரிசோதனைக்கு அனுப்புமாறும், பிரஷர் மருந்துகள் தடையின்றிக் கிடைக்கச் செய்யுமாறும், அதுவரை ஒருக்களித்துப் படுக்கக்கூடிய இடம் ஒதுக்குமாறும் தயவுடன் கேட்டுக்கொள்கிறேன்."

மெஷினைப் பற்றி இந்தக் கடிதத்தில் ஒரு சொல்லும் வேண்டாம். அது பரிசோதனை முடிவு வந்தபின் எழுதும் இரண்டாவது கடிதத்துக்கு.

இரண்டாவது கதவு நீதவான். விளக்கமறியல் தவணை திரும்பத் திரும்ப வருகிறது அல்லவா, ஒவ்வொரு தவணையும் ஒரு சந்தர்ப்பம். கணவரை வைத்தியசாலையில் காட்டி அறிக்கை தரும்படி சிறைக்குக் கட்டளையிடுமாறு உங்கள் சட்டத்தரணி கேட்கலாம். நீதிமன்றக் கட்டளை இருந்தால் காவலுக்கு ஆளில்லை என்ற பதில் அவ்வளவு சுலபமாக வராது.

இங்கே இன்னொரு நினைப்பையும் திருத்த வேண்டியிருக்கிறது. "வருத்தம் எண்டு நிரூபிச்சா விட்டுடுவினம்தானே" என்று எழுதியிருக்கிறீர்கள். விடமாட்டார்கள். வருத்தம் வழக்கை முடிக்காது. ஆனால் உங்கள் கணவருக்குப் பிணை மறுக்கப்படவில்லை, நிபந்தனைதான் எட்டாமல் இருக்கிறது. 1997ஆம் ஆண்டின் 30ஆம் இலக்கப் பிணைச் சட்டம் பிணை வழங்குவதே விதி, மறுப்பது விதிவிலக்கு என்கிறது. ஏழு மாதமாகியும் நிறைவேற்ற முடியாத நிபந்தனையைத் தளர்த்தும்படி கேட்க வலுவான காரணம் இருக்கிறது, வைத்திய அறிக்கை அதை இன்னும் வலுவாக்கும். காசைக் குறைத்து, கிராம சேவகரின் வதிவிடச் சான்றிதழோடு வரக்கூடிய ஊர்ப் பிணையாளர்களை ஏற்கும்படி கேட்கலாம். என்னைக் கேட்டால், மெஷினை உள்ளே கொண்டுபோக ஓடும் ஓட்டத்தில் பாதியை அவரை வெளியே கொண்டுவரும் இந்த மனுவுக்குச் செலவழியுங்கள். சட்டத்தரணிக்குக் கொடுக்க வசதியில்லை என்றால் சட்ட உதவி ஆணைக்குழுவின் வவுனியா அலுவலகத்துக்குப் போங்கள்.

இரண்டிலும் அசைவில்லை என்றால் மனித உரிமைகள் ஆணைக்குழு. வவுனியாவில் பிராந்திய அலுவலகம் இருக்கிறது, தொலைபேசியில் 1996. சிறைக்கு வந்து பார்க்க அவர்களுக்கு அதிகாரம் உண்டு. அடிப்படை உரிமை மீறல் வழக்கு உச்ச நீதிமன்றத்தில் ஒரு மாதத்துக்குள் போட வேண்டும். அந்த ஒரு மாதத்துக்குள் ஆணைக்குழுவில் முறையிட்டிருந்தால், அங்கே விசாரணை நடக்கும் காலம் கணக்கில் சேராது. ஆகவே சிறையிலிருந்து "முடியாது" என்று பதில் வந்த திகதியைக் கலண்டரில் குறித்து வையுங்கள். முறைப்பாடு செய்தால் உள்ளே அவருக்குக் கெடுதல் வருமோ என்ற பயம் உங்களுக்கு இருக்கும், அது வீண் பயம் என்று நான் சொல்லமாட்டேன். அதனால்தான் பணிவான கடிதம் முதலில், ஆணைக்குழு கடைசியில்.

அதுவரை

மல்லாந்து படுக்கும்போது நாக்கும் தொண்டையும் பின்னுக்குச் சரிந்து மூச்சு அதிகம் நிற்கும். ஒருக்களித்துப் படுத்தால் பலருக்குக் குறையும். நெரிசலில் எல்லோரும் ஒருபக்கமாகத்தான் படுக்க வேண்டியிருக்கும் என்பது இந்த ஒரு வருத்தத்துக்கு மட்டும் உதவி, என்ன செய்வது. நித்திரையில் புரண்டு மல்லாராமல் இருக்க ஒரு வழி: அவருடைய பெனியனின் முதுகுப் பக்கம், இரண்டு தோள்பட்டைக்கும் நடுவில் ஒரு பை தையுங்கள். உள்ளே துணியை இறுக்கி உருட்டி வைத்தால் மல்லாரும்போது குத்தும், தானாகத் திரும்புவார். பையின் வாயைத் தைத்து மூடாதீர்கள்; வாசலில் கையை விட்டுப் பார்க்கக்கூடியதாக இருந்தால் தடுக்கமாட்டார்கள். தலைமாட்டை மட்டுமல்ல, தோளோடு சேர்த்து உயர்த்தட்டும்; சாரத்தை மடித்து வைத்தாலும் போதும்.

நித்திரைக் குளிசை கூடவே கூடாது. உள்ளே நித்திரை வராதவர்கள் ஆளுக்காள் கைமாற்றிக்கொள்வது நடக்கும். டயசிபாம் போன்றவையும் ட்ரமடோல் போன்ற வலிக் குளிசைகளும் தொண்டையை இன்னும் தளர்த்தி, மூளை எழுப்புவதையும் தாமதமாக்கும். நான் மேலே, மூளை எழுப்பிவிடும் என்று சொன்ன தைரியம் இந்தக் குளிசை போட்டவருக்குப் பொருந்தாது. இதை அவருக்கு அழுத்திச் சொல்லுங்கள்.

வீட்டுச் சாப்பாடு கொண்டுபோக அனுமதி இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அன்பைக் கருவாட்டிலும் ஊறுகாயிலும் காட்ட வேண்டாம், பிரஷர்காரருக்கு உப்பு விஷம். சோற்றைக் கொஞ்சம் குறைத்து மரக்கறியும் மீனும் கூட்டுங்கள்.

நெஞ்சு நோ, உதடு நீலம் பாரித்தல், தட்டியும் விழிக்காத மயக்கம், வாய் கோணுதல், ஒரு கை சோருதல், பேச்சுக் குழறுதல், இதில் எதுவானாலும் காலை வரை காத்திருக்கக்கூடாது. கதவைத் தட்டிக் காவலரைக் கூப்பிட வேண்டும் என்று பக்கத்தில் படுப்பவர்களுக்கும் தெரிந்திருக்கட்டும்.

கடைசியாக, மாங்குளத்துச் சம்பவம். வழக்குக்குச் சம்பந்தமில்லை என்று அதை வைத்தியரிடம் மறைக்க வேண்டாம், பரிசோதனையை முன்னுக்கு எடுக்க அது ஒன்றே போதும். பிணையில் வந்ததும் கடனை அடைக்க அடுத்த நாளே வண்டியில் ஏறத்தான் பார்ப்பார். சிகிச்சை தொடங்கி, பகல் தூக்கம் நின்றுவிட்டது என்று வைத்தியர் சொல்லும்வரை டிப்பர் திறப்பு உங்களிடமே இருக்கட்டும்.